சுரண்டாதீர்கள், நீவுங்கள்

கேள்வி: ஆம்பூர் பக்கத்தில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். வயது 36. காலையில் எழுந்தால் முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே தடித்துக் கிடக்கிறது. சாயங்காலம் தாடை இறுகிக் காதுக்கு முன்னால் வலிக்கிறது. போனில் வீடியோ பார்த்து, முகத்தில் வைத்துத் தேய்க்கிற ஒரு குவாஷா கல்லை ஆன்லைனில் வாங்கினேன். முதல் நாளே கன்னத்தில் சிவப்புக் கோடு விழுந்து, போக இரண்டு நாளானது. “மூஞ்சியை ஏன் இப்படிச் சுரண்டிக்கிறே” என்று மாமியார் திட்டினார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு வேறு இருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த ட்யூப்பைத் தடவி வருகிறேன். ஆவணியில் தங்கை கல்யாணம். அதற்குள் முகம் வடியுமா, இரட்டைத் தாடை குறையுமா, மங்கு போகுமா? எந்த எண்ணெய், வாரம் எத்தனை நாள், எப்படி ஆரம்பிப்பது? திட்டிய மாமியாரே இப்போது தன் கழுத்துப் பிடிப்புக்குச் செய்துவிடச் சொல்கிறார். அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்ன சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சீன மொழியில் குவா என்றால் சுரண்டுவது. அப்படிச் சுரண்டும்போது மணல் தூவினாற்போல் தோலில் எழும் செம்புள்ளிகளுக்கு ஷா என்று பெயர். காய்ச்சல், உடம்பு வலி, தோள்பட்டைப் பிடிப்பு என்றால் முதுகில் எண்ணெய் தடவி, எருமைக் கொம்பாலோ பீங்கான் கரண்டியாலோ வழித்து எடுப்பது அங்கே பழைய வீட்டு வைத்தியம். இந்தோனேசியாவில் நாணயத்தால் செய்கிறார்கள், அதற்குக் கெரோக்கான் என்று பெயர். வியட்நாமிலும் உண்டு. அங்கெல்லாம் கோடு விழ வேண்டும் என்பதே நோக்கம்.

முகத்துக்குச் செய்வது வேறு வேலை. பெயரும் கல்லும் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம். முகத்தில் கோடு விழவே கூடாது. இதற்குப் பொருத்தமான சொல் தமிழில் காலகாலமாக இருக்கிறது: நீவுதல். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டி மூக்கையும் நெற்றியையும் எப்படித் தொடுவார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கைதான் வேண்டும். அந்தக் கை வந்துவிட்டால் கல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூரில் 20 வருடத்துக்கு மேலாக நிணநீர் வீக்கத்துக்குக் கையால் வடித்துவிடும் சிகிச்சை செய்து வருகிறேன். யானைக்கால் வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியவர்கள், இவர்கள்தான் என் நோயாளிகள். படித்து முடித்த புதிதில், அழுத்தினால் சீக்கிரம் வடியும் என்று நினைத்து, குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு நெசவுக்கார அம்மாவின் காலைப் பலம் கொண்ட மட்டும் தேய்த்தேன். நாலு நாள் கழித்து டேப் வைத்து அளந்தால் கால் அப்படியே இருந்தது, தோல்தான் சிவந்து போயிருந்தது. என் சீனியர் என் கைமேல் தன் கையை வைத்து, தோல் மட்டும் அசையும்படி, உள்ளே தசை தெரியாதபடி நகர்த்திக் காட்டினார். இவ்வளவு லேசாகவா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அடுத்த வாரம் டேப்பில் வித்தியாசம் தெரிந்தது. உங்கள் கன்னத்துச் சிவப்புக் கோட்டைப் பற்றிப் படித்தவுடன் அந்த அம்மாவின் கால்தான் ஞாபகம் வந்தது.

லேசாகத் தொட்டால் ஏன் வடிகிறது என்றால், ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வெளியே வரும் நீரில் திரும்பிப் போகாமல் மிஞ்சுவதை நிணநீர்க் குழாய்கள் எடுத்துப் போகின்றன. அவற்றில் பல தோலுக்குச் சற்று அடியிலேயே, மிக மெல்லிசாக ஓடுகின்றன. ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனியாக ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குவதும், நாம் அசைவதும், மூச்சு விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. இரவெல்லாம் படுத்தே கிடப்பதால் முகத்தில் நீர் தங்குகிறது, எழுந்து நடமாடினால் தானே இறங்குகிறது. நீவுவது அந்த இறக்கத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. அழுத்தித் தேய்த்தால் அந்த மெல்லிய குழாய்கள் நசுங்குமே தவிர வடியாது. எமில் வோடர் என்ற டென்மார்க்காரரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் இந்தக் கைமுறையை உருவாக்கினார்கள். சளி, சைனஸ் என்று வருகிறவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள், 1936-இல் பாரிஸில் அதை வெளியிட்டார்கள். முகத்துக்கு இன்று செய்கிற குவாஷாவில் பாதி, இந்த முறையைக் கல்லை வைத்துச் செய்வதுதான்.

ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் கல்லைச் சோதியுங்கள். ஜேடு, ரோஸ் குவார்ட்ஸ் என்று சொல்லி விற்பதில் சாயம் ஏற்றிய கண்ணாடியும் வருகிறது. முகத்துக்கு அது ஒரு பொருட்டில்லை, விளிம்பு வழவழப்பாக இருந்தால் போதும். ஒரு பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது இழை மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருக்கிறது, அந்தக் கல் வேண்டாம். ஒருமுறை சிமெண்ட் தரையில் விழுந்த கல்லைக் கட்டாயம் இப்படிப் பாருங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருவதைத்தான் சொல்வேன், உடையாது, சோப்புப் போட்டுக் கழுவலாம். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகே போதும். கல்லில் சக்தி இருக்கிறது என்பதெல்லாம் விற்கிறவர்கள் பேச்சு.

அப்புறம் உங்கள் கை. நாள் முழுக்கத் தோல் தூசியிலும் சொல்யூஷனிலும் இருந்த கை அது. வேலை விட்டு வந்ததும் முகத்தில் வைக்காதீர்கள். நகத்தடி வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிறகு முகத்தைக் கழுவுங்கள், பிறகு கல்லை.

எண்ணெய்க்காகத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. பாதாம் எண்ணெய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீட்டு நல்லெண்ணெயே சரி. தேங்காயெண்ணெய் சிலருக்கு முகத்தில் துவாரங்களை அடைத்துப் பருவைக் கிளப்பும், பரு வருகிற முகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எலுமிச்சை, மஞ்சள், வாசனைத் தைலம் எதையும் கலக்க வேண்டாம். முதல் தடவை முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து நாலைந்து சொட்டு போதும். கல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தோல் கல்லோடு கூடவே இழுபட்டால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் வீடியோக்கள் பலவும் சறுக்குகின்றன. எடுத்த எடுப்பில் கன்னத்தில் வைக்கிறார்கள். நம் பக்கத்து ஏரிப் பாசனம் உங்களுக்குத் தெரியும். கீழே மதகைத் திறக்காமல் மேலே தண்ணீரைத் தள்ளினால் எங்கே போகும்? முகத்து நீரெல்லாம் காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், கழுத்தின் பக்கவாட்டில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வழியாக இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால்தான் ரத்த நாளத்தில் கலக்கிறது. அதுதான் கடைசி மதகு. முதலில் அங்கே போங்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இரண்டு விரலை வைத்து, மெல்ல அமுக்கி விடுங்கள், ஏழெட்டுத் தடவை. இதற்குக் கல் வேண்டாம். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் பக்கமாகக் காறை எலும்பு வரை மேலிருந்து கீழே நீவுங்கள், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேண்டாம். தொண்டைக்குழல் இருக்கும் முன்பக்கத்தையும், நாடி துடிக்கிற இடத்தையும் அழுத்தவே கூடாது. கழுத்தில் தைராய்டு வீக்கம் இருந்தாலும், நெறி கட்டி வலித்தாலும் அங்கே தொட வேண்டாம்.

கழுத்து முடிந்த பிறகு முகம். கல்லை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், நிமிர்த்தினால் அது சுரண்டும். தோலோடு படுத்த வாக்கில், விளிம்பு லேசாகத் தூக்கினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் தோலைத் தொடங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு, முகவாயின் நடுவிலிருந்து தாடை ஓரமாகக் காது மடல் வரை போங்கள். காதருகே வந்ததும் ஒரு நொடி நின்று விடுங்கள். பிறகு மூக்கோரத்திலிருந்து காது வரை. கண்ணுக்குக் கீழே எலும்பின் மேலே மட்டும், கல்லின் எடையே போதும் என்கிற அளவுக்கு. புருவத்திலிருந்து மேலே முடி வரை, நெற்றி நடுவிலிருந்து பக்கவாட்டில் கன்னப்பொறி வரை. ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை, அதிகம் போனால் ஐந்து. கடைசியில் மறுபடியும் கழுத்து வழியாகக் கீழே இறக்கி முடித்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

அழுத்தத்தைச் சொல்லில் சொல்வது கஷ்டம். பந்தியில் உட்கார்ந்ததும் வாழையிலையில் தண்ணீர் தெளித்து, இலை கிழியாமல் உள்ளங்கையால் வழித்துவிடுகிறோம் இல்லையா, அதுதான் அளவு. கண்ணுக்குக் கீழே அதிலும் பாதி. முடித்தபின் முகம் இளஞ்சிவப்பாகி அரை மணியில் அடங்கினால் சரி. செம்புள்ளி தெரிந்தாலோ மறுநாள் தொட்டால் வலித்தாலோ அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். முழுக்க ஆறும்வரை கல்லைத் தொடாதீர்கள்.

உங்கள் தாடை வலி தனிக் கதை. எட்டு மணி நேரம் மெஷின்மேல் குனிந்து, ஊசி முனையையே பார்த்துக்கொண்டு தைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல்லைக் கடித்துக் காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு தசை கெட்டியாகத் துருத்தும். வலிப்பது அதுதான். இங்கே மட்டும் கொஞ்சம் அழுத்தம் கூடலாம். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தத் தசையின் மேலிருந்து கீழே மெதுவாக, ஒரு தடவைக்கு ஐந்தாறு நொடி எடுத்து நீவுங்கள். பக்கத்துக்கு ஐந்து தடவை, வேலை முடிந்து வந்த சாயங்காலத்தில். ஆனால் இறுக்கத்தின் காரணம் மெஷினில் இருக்கிறது, கல்லில் அதற்குத் தீர்வு பாதிதான். உதடு மூடியிருக்க வேண்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். இதுதான் தாடைக்கு ஓய்வு நிலை. ஒவ்வொரு ஜோடி முடிக்கும்போதும் அதை ஞாபகப்படுத்திக்கொண்டு தலையை ஒரு தடவை நிமிர்த்துங்கள். தூக்கத்தில் பல் நறநறக்கிறது என்று வீட்டில் சொன்னால் பல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, மங்குக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் நிறத்துத் தோல் உராய்வைப் பொறுக்காது, தேய்த்த இடத்தில் கருக்கும். நைலான் நார் போட்டு வருடக்கணக்கில் தேய்த்துக் குளித்தவர்களுக்குக் காறை எலும்பின் மேலும் முதுகிலும் கருமை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மங்கு உள்ள கன்னத்தில் கல் வைத்துத் தேய்த்தால் அது இன்னும் கருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் மங்கு இருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள், மேலே போக வேண்டாம். அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த ட்யூப்தான். மங்குக்கென்று கடைகளில் எடுத்துக் கொடுப்பதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, சிவந்த நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும். அப்படி மெலிந்த தோலில் கல்லே படக் கூடாது. உங்களுக்குக் கோடு இரண்டு நாள் போகாமல் இருந்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ட்யூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். திடீரென நிறுத்தினால் சிலருக்கு முகம் பொங்கிவிடும், அவர் சொல்லும் விதத்தில் நிறுத்துங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை முகத்துக்குக் கல் வேண்டாம், கழுத்து வேலையைக் கையால் மட்டும் செய்யுங்கள். மங்குக்கு நீங்களாகச் செய்யக்கூடியது வெயிலை மறிப்பது. நம் ஊர் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு 30க்குக் குறையாத எஸ்பிஎஃப் உள்ள சன்ஸ்கிரீனும் குடையும் கல்லைவிட நூறு மடங்கு உபயோகம்.

பழுத்த பரு, வேர்க்குரு, அரிப்பு, உதட்டோரக் கொப்புளம் இருக்கும் நாட்களிலும் கல்லை வைக்காதீர்கள். காய்ச்சல் அடித்து, அது டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகப்படும் நேரத்தில் அறவே கூடாது, தட்டணுக்கள் குறைந்திருந்தால் லேசான தேய்ப்புக்கே உள்ளே ரத்தம் கசியும்.

இதெல்லாம் செய்தால் என்ன கிடைக்கும் என்று நேராகச் சொல்கிறேன். காலை வீக்கம் சீக்கிரம் வடியும், அது சில மணி நேரத்துக்குத்தான். தாடை இறுக்கம் தளரும், தூக்கம் நன்றாக வரலாம். இரட்டைத் தாடையில் இருப்பது கொழுப்பு என்றால் அது நீவினால் போகாது. நிறம் மாறாது. சுருக்கம் மறையும் என்று நம்பிக்கையாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், குவாஷா செய்த இடத்தில் தோலின் மேற்பரப்பு ரத்த ஓட்டம் முதல் ஏழரை நிமிடத்துக்கு நாலு மடங்கு கூடியது என்று கண்டார்கள். அதைத்தான் எல்லா விளம்பரத்திலும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். அதில் இருந்தது 11 பேர், செய்தது உடம்பில், அதுவும் கோடு விழ அழுத்தி. முகத்துக்கு அதைக் காட்டுவது சரியில்லை.

முகம் உப்புவதற்கு வேறு காரணமும் உண்டு. ராத்திரி கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிட்ட மறுநாள் அதிகமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். தினமும் உப்புகிறது, கூடவே சாயங்காலம் காலும் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்றால் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். உடம்பு கனத்து, முடி கொட்டி, குளிர் தாங்காமல், மாதவிலக்கு மாறினால் தைராய்டுக்கு டிஎஸ்எச் பரிசோதனை. உங்கள் வயதில் இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்வேன், அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பல் சீழாக இருக்கலாம், அதன்மேல் கல்லை ஓட்டிவிடாதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கிடைப்பதே உங்களுக்குப் பெரிது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் இன்னும் ஒரு நாளும் போதும், பழகிய பிறகு மூன்று நாள். தினமும் வேண்டாம். முடித்ததும் முகத்தைக் கழுவி எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் வெயிலில் இறங்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். பார்லரில் ப்ளீச்சோ ஃபேஷியலோ செய்துகொண்டால் அந்த வாரம் கல்லை எடுக்க வேண்டாம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வேலை ஓயாது, தூக்கமும் இருக்காது. மறுநாள் காலை முகம் உப்பியிருந்தால் ஈரத்துணியைக் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்து ஐந்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினோ க்ளோபிடோகிரலோ எழுதுவார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் எளிதாக ரத்தம் கட்டும். வயதான இதய நோயாளியின் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கவும் கூடும், அங்கே அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. ஆகவே அவர் கழுத்துக்குக் கல் வேண்டாம், எவ்வளவு கேட்டாலும் வேண்டாம். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது கழுத்து வலியையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை வெதுவெதுப்பான துணியைத் தோளில் போட்டுவிட்டு, உங்கள் கையில் நல்லெண்ணெய் தொட்டு அவர் உள்ளங்கையையும் விரல்களையும் ஒவ்வொன்றாக நீவிவிடுங்கள். உங்களுக்கு அந்த லேசான கை பழகுவதற்கும் அதுவே நல்ல இடம். வலித்தால் அவர் உடனே சொல்லிவிடுவார்.